வந்தவர்களுக்குக் காட்டிய தண்ணீர்

பெரியப்பாவின் கிணற்றுக்குள் லாரித் தண்ணீர் விழுந்த சத்தத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கிணத்துக்கடவுப் பக்கம் அவருடைய தென்னந்தோப்பு. நல்ல கோடை, கிணற்றின் அடியில் சேறுதான் கிடந்தது. அந்தச் சேற்றுக்குள் விலைத் தண்ணீரை இறக்கிக்கொண்டிருந்தார். மரத்துக்கு நேராக விடாமல் இதென்ன கூத்து என்று கேட்டேன். “நாளைக்கு ஆபீசருங்க வாராங்க கண்ணு. தோட்டத்துக்கு வந்தவங்களுக்கு வெறுங்குழாயவா காட்டறது?” என்றார்.

இலவச கரண்டுக்கு மனுப்போட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்த மனுஷன். சூரிய மின்சாரத்துக்குத்தான் இனி முதலிடம் என்று அரசாங்கம் சொன்னது. சோலார் மோட்டார் வாங்கினால் கரண்டு வரிசையில் உங்கள் இடம் போய்விடும் என்றும் சொன்னது. வீடு தேடி வந்து சொல்கிறவர்களிடம் முடியாது என்று சொல்ல எங்கள் ஆட்களுக்கு எங்கே வாய் வரும்? சரிங்க என்றுவிட்டார். வெயிலில் மோட்டார் ஓடுவதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. முதலில் தண்ணீர் நன்றாகவே வந்தது. தினமும் காலையில் தன் துண்டாலேயே தகடுகளைத் துடைப்பார்.

பிறகு நிலத்தடி நீர் கீழே போனது. கரண்டு இருந்தவர்கள் ஆழமாக போர் போட்டு, பெரிய மோட்டாரை இறக்கித் தப்பித்தார்கள். இவருடைய மோட்டாருக்கு அந்த ஆழம் எட்டாது. மட்டைகள் தொங்க ஆரம்பித்ததும் கரண்டு கேட்டு மறுபடியும் மனுப்போட்டார். அந்த நேரத்தில்தான் சோலாருக்கு மாதிரித் தோட்டம் என்று இவர் தோப்பைப் பார்க்க அந்த ஆபீசர்கள் வந்தார்கள். குழாயில் தண்ணீர் கொட்டியது, போட்டோ எடுத்தார்கள், இளநீர் குடித்தார்கள், போனார்கள்.

மனுவுக்கு வந்த பதில், மோட்டார் நன்றாக ஓடுவதை நேரில் பார்த்தோம், கரண்டு தேவையில்லை என்பது. நான்தான் அவரை ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனேன். உள்ளதைச் சொல்லுங்க பெரியப்பா என்றேன். தலையைக் குனிந்தபடி, “நீங்க வாரீங்கன்னுதானுங்க லாரித் தண்ணி ஊத்துனேன்” என்றார்.

“அப்ப எங்களையே ஏமாத்தியிருக்கீங்க” என்றார் அந்த அதிகாரி.

அடப்பாவிகளா! ஒரு கிணற்றை எட்டிப் பார்க்கத் துப்பில்லாதவர்கள், தோப்பே காய்ந்து நிற்கிறவரைப் பார்த்துச் சொன்ன பேச்சு அது. பெரியப்பாவோ மன்னிச்சுக்குங்க என்று கும்பிட்டார். அந்தக் கும்பிடுக்குக்கூட ஒருத்தரும் நிமிரவில்லை. கொள்கை வகுத்தவர்கள் வெயிலைக் கணக்கில் எடுத்தார்கள், கிணற்றை எடுக்கவில்லை. அதைக் கேட்டால் நான் வாயாடியாம்.

இப்போது தோப்பில் மொட்டை மரங்கள்தான் நிற்கின்றன. போன மாதம் வேறொரு கூட்டம் சோலார் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு, நானும் நான் குடியிருக்கும் கணபதியிலிருந்து பஸ் ஏறிப் போனேன். பெரியப்பா சொன்ன சொல் மாறாமல் லாரியைக் கூப்பிடவில்லை. வந்தவர்களுக்குக் கொடுக்க, கடையில் இளநீர் வாங்கி வைத்திருந்தார்.