கோடை நேரத்து ராகு

சந்திரசேகரனிடம் நித்திரையைப் பற்றி வாய் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அன்றைக்கு உங்கள் நித்திரையும் போய்விடும். ஜெர்மனியில் ஹம் நகரத்துக்கு வெளியே உள்ள தளபாடக் களஞ்சியம் ஒன்றில் எட்டு வருடமாக அவருக்கு இரவு வேலை. இரவு பத்து மணிக்குப் போனால் காலை ஆறு மணிக்கு விடுவார்கள். ஊரெல்லாம் எழும்புகிற நேரத்தில் அவர் வந்து படுப்பார். நித்திரை வராது.

பனி கொட்டுகிற மாரிகாலம் ஓரளவு பரவாயில்லை. காலை எட்டு மணி வரைக்கும் இருட்டுக் கிடப்பதால் எப்படியோ கண் மூடிவிடும். ஆனால் எழும்பும்போது திரும்பவும் இருட்டியிருக்கும். சூரியன் என்று ஒன்று இருப்பதையே சில கிழமைகளில் மறந்துபோவார். கோடையில் எல்லாம் தலைகீழ். வேலை முடிந்து வருமுன்பே சூரியன் வந்து குந்தியிருக்கும், இரவு அவர் வேலைக்கு வெளிக்கிடும்போதும் போக மனமில்லாமல் நிற்கும். யன்னலுக்குக் கறுப்புத் துணி அடித்தார். அதன் மேல் அலுமினியத் தாள் ஒட்டினார். அதிலும் ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்றைக் கண்டுபிடித்து வெளிச்சம் நேரே அவருடைய கண்ணில் வந்து விழும். கீழ்வீட்டுக்காரன் புல்லு வெட்டும் மெஷினை எடுப்பதும் அந்த நேரம் பார்த்துத்தான்.

இந்தக் கண்றாவி போதாதென்று வருடத்துக்கு இரண்டு முறை மணிக்கூட்டை மாற்றுகிற கூத்து வேறு. பங்குனியில் ஒரு மணித்தியாலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். ஐப்பசியில் திருப்பித் தருவார்கள் என்று பெயர். ஒருமுறை அந்த இரவில் சந்திரசேகரன் வேலையில் நின்றார். திருப்பித் தந்த மணித்தியாலத்தையும் பெட்டி அடுக்கித்தான் கழித்தார். மணிக்கூட்டைத் திருப்ப ஒரு விரல் போதும், உடம்பைத் திருப்ப இரண்டு கிழமை வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் புகைவார்.

2004 பங்குனியில் பகல் வேலைக்கு ஓர் இடம் காலியானது. காலை ஆறு தொடக்கம் இரண்டு மணி வரை, லொறிகளில் வரும் சாமான்களைப் பொறுப்பெடுக்கிற வேலை. சந்திரசேகரனும் கேட்டார், போலந்துக்காரன் ஒருவனும் கேட்டான். பழைய ஆள் என்பதால் சந்திரசேகரனைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திக்கக் குறித்த நேரம். வந்து கதைத்துக் கையெழுத்து வைத்தால் இடம் அவருக்குத்தான். மனுசருக்குக் கண் கலங்கிவிட்டது. இனி மற்ற மனிதரைப் போல இரவில் படுக்கலாம், மனைவி இராஜேஸ்வரியோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிடலாம்.

இராஜேஸ்வரி குசினியில் தொங்கிய கலண்டரைப் பார்த்தாள்.

"திங்கட்கிழமை ஏழரையிலயிருந்து ஒம்பது மட்டும் ராகுகாலம். அதுக்குள்ள போய்க் கையெழுத்து வைக்கப் போறியளோ?"

சந்திரசேகரன் சிரித்தார். ஆனாலும் அலுவலகத்துக்குப் போன் பண்ணி, டெர்மினை ஒன்பதேகாலுக்கு மாற்றிவிட்டார். நம்பிக்கை இல்லைத்தான், ஆனால் இந்த ஒரு விசயத்தில் வம்பை ஏன் விலைக்கு வாங்குவான் என்று நினைத்தார்.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமைதான் கோடை நேரம் தொடங்கிய நாள். வீட்டிலிருந்த மணிக்கூடுகளை எல்லாம் முன்னுக்குத் தள்ளினார்கள். பகல் முழுக்கப் புரண்டும் நித்திரை வராமல், சிவந்த கண்ணோடு அன்றிரவு வேலைக்குப் போனார். திங்கள் விடிய வீட்டுக்கு வந்து குளித்து, திருநீறு பூசி, நல்ல சேட்டு ஒன்றைப் போடும்போது இராஜேஸ்வரி ஓடிவந்தாள்.

"இஞ்சருங்கோ, நேற்று மணிக்கூட்டை மாத்தினதெல்லே? அப்ப உங்கட ஒம்பதேகால் எண்டுறது உண்மையில எட்டேகால். நட்ட நடு ராகுகாலம்!"

"உனக்கென்ன விசரே? மணிக்கூடு ஒம்பதேகால் எண்டால் ஒம்பதேகால்தான்."

"ராகு சூரியனைப் பாத்துத்தான் வாறது. ஜெர்மன்காரன்ர மணிக்கூட்டைப் பாத்து வாறதில்லை. பத்து மணிக்குப் பிறகு போங்கோ."

சந்திரசேகரனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ராகு மேல், மணிக்கூட்டை மாற்றியவன் மேல், கலண்டர் அடித்தவன் மேல். ஆனால் கைகள் போனைத்தான் எடுத்தன. அலுவலகப் பெண்மணி பெருமூச்சு விட்டாள். "திரு சந்திரசேகரன், பத்தேகாலுக்கு வாருங்கள். இதுதான் கடைசி. பத்தரைக்கு மற்றவர் வருகிறார், முடிவை இன்றைக்கே எடுக்க வேண்டும்."

வீட்டில் இருந்தால் கட்டில் கூப்பிடும் என்று பயந்து வேளைக்கே பஸ் ஏறினார். களஞ்சியத்து வாசலுக்கு எதிரே ஒரு வாங்கு இருந்தது. அதில் குந்தினார். மாரிக்குப் பிறகு வந்த முதல் நல்ல வெயில் முகத்தில் அடித்தது. ராகு போக இன்னும் அரை மணித்தியாலம். கொஞ்சம் கண்ணை மூடினால் என்ன என்று நினைத்தார்.

எட்டு வருடமாகக் கறுப்புத் துணிக்கும் அலுமினியத் தாளுக்கும் வராத நித்திரை, நட்ட வெயிலில் அந்த மர வாங்கில் வந்தது. பக்கத்தில் லொறிகள் போயின, வந்தன. கனவுகூட வரவில்லை.

கண் விழித்தபோது வாயோரம் எச்சில் வழிந்திருந்தது. மணி பன்னிரண்டரை. விழுந்தடித்து உள்ளே ஓடினார். அலுவலகப் பெண்மணி எழுந்து நின்றாள். அவளுக்கும் சங்கடந்தான்.

"இடத்தை மற்றவருக்குக் கொடுத்துவிட்டோம். பத்தேகாலுக்கு வர முடியாதவர் காலை ஆறு மணிக்கு எப்படி வருவார் என்று மேலாளர் கேட்டார்."

"நான் ஒன்பதரைக்கே வந்துவிட்டேன். வெளியில்தான் இருந்தேன்."

"வெளியிலா? அப்படியென்றால் ஏன் உள்ளே வரவில்லை?"

எட்டு வருடத்தில் படித்த டொச்சு மொழி பெட்டிகளுக்கும் சுகவீனக் கடிதத்துக்கும் போதுமாக இருந்தது. ராகுவை விளங்கப்படுத்த அதில் சொல் இல்லை. திரும்பி நடந்தார்.

இராஜேஸ்வரி கதவைத் திறந்ததும் கேட்டாள். "ராகு போனாப் பிறகுதானே கையெழுத்து வைச்சனீங்கள்?"

"ராகு போயிட்டுது. வேலையும் போயிட்டுது. வாங்கில இருந்து நித்திரையாப் போனன்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எல்லாம் என்னாலதான் என்ன?"

ஓம் என்று கத்த வாய் வந்தது. ஆனால் சிரித்துவிட்டுப் போன் பண்ணியவர் யார்? ராகு போகட்டும் என்று வாசலுக்கு வெளியே காத்துக் கிடந்தவர் யார்?

"உன்னால இல்லை. நானும் பயந்துதான் இருந்தனான்," என்றார்.

இரவு பத்து மணிக்கு வேலை இருந்தது. அறைக்குள் போய்ப் படுத்தார். பின்னேரம் வரைக்கும் புரண்டு புரண்டு கிடந்தும், ஒரு பொட்டு நித்திரை வரவில்லை.