கண்டென்சரில் கோழி இறகு

என் கார் ஏ.சி. அனலாக ஊதியது. "பதினெட்டு வருச வண்டிக்கு ஏ.சி. ஒரு கேடுங்களா அக்கா? தள்ளிவிட்டுட்டுப் புதுசு எடுங்க" என்றார் நாமக்கல் ஷோரூம்காரர். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேராக லாரிப் பட்டறைக்கு ஓட்டிப்போனேன். மெக்கானிக் முன்பக்கத்தைக் கழற்றியதும் சிரித்துவிட்டார். ஏ.சி.யின் சூட்டை வெளியே தள்ளுகிற கண்டென்சர் முழுக்க எங்கள் பண்ணைக் கோழிகளின் இறகு.

"இனிமேல் கோழிக் கொட்டகை ஓரமா நிறுத்தாதீங்க அக்கா."

"நிழல் அங்கதானுங்க இருக்கு. அங்கதான் நிறுத்துவேன். நீங்க பெரிய கண்டென்சராப் போட்டு, இன்னொரு ஃபேன் வெச்சு, முன்னால வலை அடிச்சுக் குடுங்க" என்றேன்.

வேலை முடிந்த அன்றைக்கே, உச்சிவெயிலில், ஷோரூம் வாசலில் காரை நிறுத்தினேன். அவர் வேர்த்து வழிய ஓடிவந்து, "புது வண்டி பாக்கலாங்களா?" என்றார். கண்ணாடியைப் பாதி இறக்கி, "குளுருதுங்க, சாத்திக்கறேன்" என்று ஏற்றிவிட்டேன்.