தங்கச்சிக் கோடு

கழுத்து எக்ஸ்ரே எடுக்குமுன் அண்ணன் நோயாளியைச் சிரிக்கச் சொல்வார். வலியோடு வந்தவர்களுக்கு அது எப்படி இருக்கும்! ஆஸ்பத்திரியில் அவருடைய பெயரே ‘சிரிங்க சார்’ ஆகிவிட்டது. கீழ்த்தளக் கோடியில், ஈயத்தகடு பதித்த கனத்த கதவுக்குப் பின்னால் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தார். போன மாதம் மாரடைப்பில் போய்விட்டார்.

அந்தப் பழக்கத்துக்கு நான்தான் காரணம்.

அப்போது எனக்குப் பதினேழு வயது. சைக்கிளிலிருந்து விழுந்து கழுத்தைத் திருப்ப முடியாமல் போனேன். அண்ணன் வேலையில் சேர்ந்து நாலு மாதம்கூட ஆகவில்லை. பக்கவாட்டில் ஒரு படம், முன்னாலிருந்து ஒரு படம் எடுத்தார். அப்புறம் வாயைத் திறக்கச் சொன்னார்.

“கழுத்து வலின்னு வந்தா வாயைத் திறக்கச் சொல்றே. நீ என்ன பல் டாக்டரா?”

“வாயை மூடு.”

“மூடவா, திறக்கவா? ஏதாவது ஒண்ணு சொல்லு.”

காரணம் பிறகுதான் தெரிந்தது. கழுத்தில் ஏழு எலும்புகள். முதலாவது வெறும் வளையம். இரண்டாவதிலிருந்து விரல் போல ஒரு முளை எழுந்து அந்த வளையத்துக்குள் நிற்கிறது. ‘இல்லை’ என்று நாம் தலையை ஆட்டுவதெல்லாம் அந்த முளையைச் சுற்றித்தான். முன்னாலிருந்து பார்த்தால் தாடையும் பல்லும் அதை மறைத்துவிடும். திறந்த வாய் வழியாகத்தான் படத்தில் பிடிக்க முடியும்.

என் படத்தில் அந்த முளையின் நடுவே நெடுக்காக ஒரு கறுப்புக் கோடு இருந்தது. எலும்பு உடைந்துவிட்டது என்றே அண்ணன் நினைத்துவிட்டார். என் தலைக்கு இருபுறமும் மணல் பைகளை முட்டுக்கொடுத்து, “அசைஞ்சே, கொன்னுடுவேன்” என்று சொல்லிவிட்டு ஓடினார். அசைந்தால் நானே செத்துவிடுவேன் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

எலும்பு டாக்டரம்மா சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டு வந்தார். படத்தைப் பார்த்தார். பிறகு என் வாயைப் பார்த்தார்.

“தங்கச்சிக்கு முன்பல்லு நடுவுல சந்து இருக்கே, பார்த்ததில்லையா? அதோட நிழல்தான் எலும்பு மேல விழுந்திருக்கு. இது வெறும் சுளுக்கு.”

பார்த்ததில்லையாவா! பல்லுக்கு நடுவே திறந்த கேட் என்று, சின்ன வயதிலிருந்து என்னை ‘கேட்டு’ என்று கூப்பிட்டே அழவைத்தவர் அவர். “தினமும் கேலி பண்ற பல்லு, படத்துல அடையாளம் தெரியலையே” என்று வீடு வரும்வரை புலம்பினார். அன்றிலிருந்து படமெடுக்குமுன் சிரிக்கச் சொல்லிப் பல்லைப் பார்ப்பார். சந்து இருந்தால் சீட்டில் எழுதிவைப்பார். அந்த நிழலுக்கு அவர் வைத்த பெயர் ‘தங்கச்சிக் கோடு’.

பல வருடம் கழித்து மார்க்கெட்டில் மூட்டை சரிந்து விழுந்து கழுத்தில் அடிபட்ட ஒரு சுமைதூக்கியைக் கொண்டுவந்தார்கள். படமெடுத்தது வேறொருவர். அண்ணன் மதியம் வேலைக்கு வந்தபோது அது விளக்குப் பெட்டியில் தொங்கிக்கொண்டிருந்தது. முளையில் கறுப்புக் கோடு. மண்டையோட்டில் திருகாணி போட்டு இரும்பு வளையம் மாட்ட வேண்டும், மூன்று மாதம் அசையக் கூடாது, அதற்குப் பிறகு மூட்டை தூக்குவது சந்தேகம்தான் என்று இளம் டாக்டர் ஒருவர் சுமைதூக்கியின் மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அண்ணன் நேராக அவர் படுத்திருந்த தள்ளுவண்டிப் பக்கம் போனார். “கொஞ்சம் சிரிங்க.”

“உசுரு போய் வந்து கிடக்கற மனுசனைச் சிரிக்கச் சொல்றீங்களே, நீங்கல்லாம் மனுசங்கதானா?” என்று மனைவி பாய்ந்தாள். கழுத்துப்பட்டைக்குள் கிடந்தவருக்கு, தான் தினமும் வாங்கும் திட்டை இன்னொருவர் வாங்குவதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. முன்பல்லில் தாராளமான சந்து.

டாக்டர் மசியவில்லை. “சந்து இருக்கறவங்களுக்கு எலும்பு உடையாதா, சார்?”

நியாயமான கேள்வி. அண்ணனும் அதை ஒப்புக்கொண்டார். “உடையும், டாக்டர். இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாம். தலையைத் தொடவே மாட்டேன், எக்ஸ்ரே குழாயை மட்டும் பக்கவாட்டுல கொஞ்சம் சாய்க்கறேன். எலும்பு உடைஞ்சிருந்தா கோடு எலும்போடயே இருக்கும். பல்லு நிழலா இருந்தா நகர்ந்துடும்.”

ஃபிலிம் கழுவி வரும் வரை இருட்டறை வாசலிலேயே நின்றதாக என்னிடம் சொல்லியிருக்கிறார். என் எலும்பு உடைந்துவிட்டது என்று நினைத்தபோதுகூட அவ்வளவு பயப்படவில்லையாம். அன்று தெரியாமல் பயந்தார். இந்த முறை தெரிந்துகொண்டு ஒருவருக்கு நம்பிக்கை கொடுத்துவிட்டார். அது பொய்த்தால்?

ஈரம் சொட்டச் சொட்டப் படத்தைத் தூக்கிப் பிடித்தார்கள். முளை பழுதில்லாமல் நின்றது. கோடு அதை விட்டு நகர்ந்து ஓரத்தில் தனியாக நின்றது. டாக்டர் ஸ்கேனும் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் பட்டையைக் கழற்றினார்.

அண்ணன் போன எட்டாம் நாள், தடித்த கழுத்துடன் ஒருவர் வாசலில் வந்து நின்றார். உச்சந்தலையில் மூட்டை அழுத்தி அழுத்தி விழுந்த தழும்பு. இருபது வருடமாக மூட்டை தூக்குகிறாராம். மேலே நான் எழுதியதில் பாதி அவர் சொன்னதுதான்.

“எங்க வீட்லயும் ஒரு கோடு இருக்குன்னு சார் சொல்வாரு. தங்கச்சி யாரும்மா?”

“நான்தான்.”

அவர் தயங்கினார். “தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. கொஞ்சம் சிரிங்க.”

எட்டு நாளாக உதடு பிரியாமல் இருந்தேன். எப்படியோ பிரிந்தது. அவர் குனிந்து உற்றுப் பார்த்தார். தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார், அந்த முளையைச் சுற்றித்தான்.

“ம்ஹும். என்னுதுதான் பெருசு” என்று பல்லைக் காட்டினார்.