பதாகையில் நான் எழுதிய ஒரு சொல்

இன்று மாலை மன்னார் நூலகத்தில் பழைய ஜேர்மன் கவிஞர் ஒருவருக்கு வாசிப்புக் கூட்டம் வைத்தோம்.

வாசல் பதாகையில் "கவிஞர் நினைவேந்தல்" என்று எழுதியது நான்தான். எங்கள் பக்கம் அந்தச் சொல்லைக் கண்டால் போரில் இறந்தவர்கள்தான் நினைவுக்கு வருவார்கள் என்பது அப்போது உறைக்கவில்லை.

இரண்டாவது கவிதையின்போது சிவில் உடுப்பில் புலனாய்வுக்காரர் ஒருவர் வந்து, பதாகையைப் படம் எடுத்துவிட்டுக் கடைசிக் கதிரையில் இருந்தார்.

முடிந்ததும் நேரே என்னிடம் வந்தார்.

"அக்கா, இவர் எப்ப செத்தவர்?"

"இருநூறு வருசத்துக்குக் கிட்ட வரும்."

"சொந்தக்காரர் ஆரும் இஞ்ச இருக்கினமோ?"

"இல்லை. அவர் ஜேர்மன்காரர்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்தார்.

"ஜேர்மனியோ? அங்க உங்களுக்கு ஆர் இருக்கினம்?"

மறைத்தால் இன்னும் பிழையாகிவிடும் என்று பயந்து, "தம்பி" என்றேன். அவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

தம்பி பல வருடங்களுக்குப் பிறகு டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு வருகிறான். விமான ரிக்கெற்றும் எடுத்துவிட்டான். விமான நிலையத்தில் அவனை மறித்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. கீரிக் கிராமத்திலுள்ள வீடு வந்து சேரும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

இறந்தவரை நினைப்பதற்குப் பயமில்லாத சொல் ஒன்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். பதாகையின் மறுபக்கம் வெறுமையாகத்தான் இருக்கிறது.