தம்பிராசா அண்ணையின் கொட்டிலில் வந்த மணம்

1. காஸ்டனின் ஒரு பிடி புல்

டென்மார்க்கில் பிராண்டேக்குப் பக்கத்தில் ஒரு மஸ்கீன்ஸ்டேஷனில் நான் டிராக்டர் ஓட்டினேன். ரயில் நிற்கிற இடம் என்று நினைத்துவிடாதீர்கள். விவசாயிகளுக்கு டிராக்டரையும் டிரைவரையும் வாடகைக்கு அனுப்புகிற கொம்பனிக்கு இங்கே அதுதான் பெயர். அதற்கு முன் காற்றாலை இறகு செய்கிற ஃபேக்டரியில் இருந்தேன். ஒரே இடத்தில் நின்று ஒரே வேலையைச் செய்ய எனக்குப் பொறுமை கிடையாது, கால் பரபரக்கும். டிராக்டர் பழகப் போகிறேன் என்றதும் என் மனுசன் விழுந்து விழுந்து சிரித்தார். "மன்னாரில சைக்கிளில ஏறவே பயந்த ஆள் நீ" என்றார். இப்போது பென்ஷனில் இருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் நாளே சண்டை. எங்கள் முதலாளி காஸ்டன் என்னை ஒரு புல்வெளிக்குக் கூட்டிக்கொண்டு போனார். வெட்டிய புல் வரிசை வரிசையாகக் காய்ந்து கிடந்தது. வெயில் சுட்டெரித்தது. அவர் குனிந்து அடிப்பக்கத்துப் புல்லில் ஒரு பிடி எடுத்துத் துணி பிழிவதுபோல் முறுக்கி என் காதுக்குக் கிட்டப் பிடித்தார். அவர் டேனிஷில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"சத்தம் கேக்குதோ?"

"இல்லை."

"அப்ப இண்டைக்கு பேலர் ரோட்டில இருந்து இறங்காது."

நன்றாகக் காய்ந்த புல் முறுக்கும்போது நொறுங்குகிற சத்தம் கேட்க வேண்டும். புல்லைக் கட்டுகிற மெஷின்தான் பேலர். காணிக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, நாளைக்கு மழை, நாளைக்கு மழை என்று கத்திக்கொண்டிருந்தார். காஸ்டன் அசையவில்லை. "மழையில நனைஞ்சா புல்லு மட்டும்தான் போகும். ஈரத்தோட கட்டினா கூரையும் சேந்து போகும்" என்றார்.

எனக்கு அப்போது விளங்கவில்லை. நெல்லு வைக்கோலைத்தானே எனக்குத் தெரியும். நெல் முற்றி, தாள் செத்த பிறகுதான் அறுக்கிறோம். இங்கே பச்சைப் புல்லை வெட்டுகிறார்கள். வெட்டிய பிறகும் அது உயிரோடு இருக்கும், மூச்சு விடும். ஈரத்தோடு நெருக்கி அடுக்கினால் அந்த மூச்சு உள்ளுக்குள்ளேயே சூடாகும். சூடு ஏறிக்கொண்டே போனால் தீக்குச்சி இல்லாமலே பற்றிக்கொள்ளும்.

ஜூன் மாதம் வந்தால் எங்களுக்கு நிம்மதி போய்விடும். போனில் நாலைந்து வானிலைச் செயலி வைத்திருப்பேன், எல்லாம் ஒவ்வொரு கதை சொல்லும். நின்றுகொண்டே சாப்பிடுவேன். சோற்றைப் பிசைந்த கையோடு வெளியே ஓடி மேகம் பார்ப்பேன். ஒவ்வொரு காணிக்காரருக்கும் தன் புல்தான் முதலில் காய்ந்த புல்.

2. கட்டாமல் விட்ட புல்

தம்பிராசா அண்ணை யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டம் செய்த குடும்பத்து ஆள். ஃபேக்டரியில் என்னோடு வேலை செய்தவர். பென்ஷன் எடுத்ததும் ஒரு சின்னப் பண்ணையை வாங்கி ஆடு வளர்க்கத் தொடங்கினார். பாலுக்கும் இறைச்சிக்கும் தமிழாக்கள் தூரத்திலிருந்தெல்லாம் கார் எடுத்துக்கொண்டு வருவார்கள். பழைய பண்ணை. வீடு, ஆட்டுக்கொட்டில், புல்லுக்கொட்டில் மூன்றும் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டிருந்தன.

அந்த வருடம் அவர் புல்லைக் கட்ட நான் பேலரோடு போனேன். ஒரு பிடி எடுத்து முறுக்கினேன். சத்தம் வரவில்லை.

"அண்ணை, இண்டைக்குக் கட்டேலாது."

"என்ன தங்கச்சி, எல்லாம் காய்ஞ்செல்லோ கிடக்கு."

"மேலதான் காய்ஞ்சிருக்கு. கணுவுக்குள்ள ஈரம் நிக்குது."

"இலையின்ர ஈரம் எனக்குத் தெரியாதோ? கையால தொட்டே பதம் சொல்லுற ஆள் நான். நாளைக்கு மழையாம். பனி கொட்டுற மாரிக்கு ஆட்டுக்கு என்னத்தைப் போடுறது?"

கெஞ்சிப் பார்த்தார், கோபித்தும் பார்த்தார். அதற்குள் காஸ்டன் போனில் கூப்பிட்டு, வேறொரு காணி காய்ந்துவிட்டது, உடனே வா என்றார். நான் டிராக்டரைத் திருப்பினேன். அண்ணை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது கண்ணாடியில் தெரிந்தது.

பிறகு அவர் செய்ததை அவர் வாயாலேயே கேட்டேன். இரண்டு சிநேகிதர்களைக் கூப்பிட்டு, மழைக்கு முன் புல் முழுவதையும் நீளப் பிடி போட்ட பெரிய முள்ளுக்கரண்டியால் அள்ளிக் கொட்டிலுக்குள் போட்டிருக்கிறார். காலால் மிதித்து மிதித்து நெருக்கி அடுக்கி, தண்ணீர் புகாத தறப்பாள் விரிப்பால் மூடி, மேலே பலகையும் கல்லும் பாரம் வைத்திருக்கிறார். இதை யோசிக்காமல் செய்தார் என்று சொல்லமாட்டேன். புகையிலையை அப்படித்தான் பாடம் போடுவார்கள். அரைவாசி காய்ந்த இலையை நெருக்கி அடுக்கி மூடினால் உள்ளே சூடு பிறக்கும், இலை மண்ணிறமாகும், இனித்த மணம் வரும். சூடு வந்தால் வேலை சரியாகப் போகிறது என்று அர்த்தம். ஒன்றும் தெரியாத ஆள் என்றால் புல்லை மழையில் நனைய விட்டுவிட்டுப் பேசாமல் படுத்திருப்பார்.

3. ஞாயிற்றுக்கிழமை

பிறகு ஒரு ஞாயிறு, சேர்ச்சில் பூசை முடிந்து ஆட்டுப்பால் வாங்கப் போனேன். உண்மையைச் சொன்னால், பாலை விட அந்தப் புல்லுக்கு என்ன நடந்தது என்பதுதான் மனதை அரித்துக்கொண்டிருந்தது. அண்ணை வாசலிலேயே நின்றார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாங்கோ, வாங்கோ. ஏலாது எண்டிட்டுப் போனியள். இப்ப வந்து மணந்து பாருங்கோ."

கதவைத் திறந்தார். பனங்கட்டிப் பாணி காய்ச்சுகிற மணம். புல்லுக்கு அந்த மணம் வந்தால் உள்ளே கருகத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். தறப்பாளின் அடிப்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வேர்க்குது பாருங்கோ, தங்கச்சி. நல்லாப் பதம் வருகுது."

நான் காருக்கு ஓடினேன். எங்கள் வேலையில் எல்லாரும் வைத்திருக்கிற நீளக் கம்பித் தெர்மோமீட்டர் காருக்குள் கிடந்தது. பக்கவாட்டில் குத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊசி அறுபது டிகிரியைத் தாண்டியது. எழுபதையும் தாண்டியது. அப்போதும் நிற்கவில்லை. எழுபதுக்கு மேல் போனால் புல்லைத் தொடாதே, போனைத் தொடு என்பது காஸ்டனின் கட்டளை.

அண்ணை அதற்குள் முள்ளுக்கரண்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறப் பார்த்தார். "சூடு கூடிப்போச்செண்டா பிரிச்சுப் போட்டாச் சரிதானே. புகையிலையையும் அப்பிடித்தான் பிரட்டுறது."

"ஏறாதேங்கோ! உள்ளுக்குக் கருகிப் பள்ளமாயிருக்கும், விழுந்திடுவியள். பிரிச்சாக் காத்துப் பட்டுப் பத்தும்!"

கரண்டியை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். வயதில் மூத்தவரிடம் நான் அப்படி நடந்ததே இல்லை. அவசர நம்பர் 112க்கு அடிக்கப் போகிறேன் என்றதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் தங்கச்சி. பக்கத்து வீட்டுக்காரன் ஏற்கெனவே ஆட்டு மணமெண்டு கொம்யூன் ஒஃபிசுக்குச் சொல்லிக்கொண்டு திரியிறான். தீயணைக்கிறவங்களும் வந்து நிண்டா, இனி ஆடு வளக்க விடமாட்டாங்கள்."

அவருடைய மனைவி இராசமணி அக்கா பின்னால் வந்து நின்றார். "நீங்கள் அடியுங்கோ பிள்ளை. ஆடு உயிரோட இருந்தாலெல்லோ வளக்கிறது" என்றார். நான் அடித்தேன்.

ஆடுகளை வெளியே கொண்டுவருவது பெரும்பாடாகிவிட்டது. தள்ளத் தள்ளத் திரும்பி உள்ளே ஓடின. அண்ணை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கெஞ்சினார். கடைசியில் அக்கா ஆட்டுக்குத் தின்னப் பழைய பாண் துண்டு போடுகிற வாளியைக் குலுக்கிக்கொண்டு முற்றத்தில் நடந்தார். எல்லாம் அவருக்குப் பின்னால் ஓடின. ஆட்டு மணத்தைப் பற்றி முறையிட்ட அதே மனிதர் தன் வேலிக்கதவைத் திறந்து அவற்றை உள்ளே விட்டார்.

தீயணைப்புக்காரர்கள் வந்தார்கள். நான் கூப்பிட்டதும் காஸ்டன் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையோடு லோடரை ஓட்டிக்கொண்டு வந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வெளியே போட்டார், அவர்கள் தண்ணீர் அடித்தார்கள். மண்ணிறப் புல்லுக்குப் பிறகு கறுப்புப் புல் வந்தது, பிறகு கரி. நடுவைத் திறந்ததும் காற்றுப் பட்டு, குப்பென்று நெருப்பு எழும்பியது. அண்ணை ஏறி நின்றிருக்கக்கூடிய இடம் அதுதான். தண்ணீரை அதன்மேல் திருப்பினார்கள். கூரையும் வீடும் தப்பின. மாரிக்கான தீவனம் முழுவதும் முற்றத்தில் கறுத்த கஞ்சியாகக் கிடந்தது.

எல்லாரும் போன பிறகு அண்ணை ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். நன்றாக ஏச வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் கிட்டப் போனேன். அவர் எரியாத ஒரு பிடி மண்ணிறப் புல்லைக் கையில் வைத்திருந்தார்.

"முப்பது வருசமா இந்த நாட்டில ஆக்கள் காட்டித் தந்ததைத்தான் செய்தனான், தங்கச்சி. பட்டனை அமத்தச் சொன்னா அமத்தினன். நில்லெண்டா நிண்டன். இந்த மணம் வந்த உடன, இது எனக்குத் தெரிஞ்ச வேலை எண்டு நினைச்சன். ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி வந்து மணந்து பாத்தனான். எவ்வளவு சந்தோசமாயிருந்தது தெரியுமோ?"

ஏச வந்த எனக்கு அழுகை வந்தது. நானும் அதே ஃபேக்டரியில் அதே பட்டனை அமத்தினவள்தானே.

ஆகையால், இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, ஒன்றும் தெரியாத காணிக்காரரைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவர் போன் எடுத்துக் கேட்டுக் கேட்டு உங்கள் உயிரை வாங்குவார், அவருடைய கொட்டில் எரியாது. வேறொரு வேலையை நன்றாகக் கற்ற ஆள் கேட்கமாட்டார். அவர் வீட்டுக்குக் கூப்பிடாமலே போங்கள், தெர்மோமீட்டரையும் கொண்டு போங்கள். அவர் சிரித்த முகத்தோடு வாசலில் நின்றால் நேரே கொட்டிலுக்குள் போங்கள். தேத்தண்ணி பிறகு குடிக்கலாம்.