ஓட்லீவின் முகம்

மோல்டேயில் கார்களை ஏற்றிக்கொண்டு ஃபியோர்டு என்ற கடல்கழியைக் கடக்கும் படகில் அப்பம் சுட்டு விற்பவள் குன்வோர். அவள் வீட்டில் படம் எடுக்கும் உரிமை முழுக்கக் கணவன் ஓட்லீவுக்கே. தன் பழைய ஃபிலிம் காமிராவை வேறு யாரையும் அவன் தொட விடமாட்டான்.

அவன் இதய அறுவை சிகிச்சைக்குத் தேதி கிடைத்த அன்று குன்வோர் ஆல்பங்களைப் புரட்டினாள். மகள், நாய், மலை, அவள், மறுபடியும் மலை. அவன் மட்டும் எதிலும் இல்லை. ஒரே ஒரு படத்தில் அவன் நிழல் பனியில் விழுந்திருந்தது. ஆள் திரும்பி வராவிட்டால் சவப்பெட்டி அருகே வைக்கக்கூட ஒரு முகம் கிடையாது என்று நினைத்ததும் ஆல்பத்தை மூடிவைத்தாள்.

டிஜிட்டல் எஸ்எல்ஆர் காமிரா என்றால் எடுத்ததை உடனே பார்க்கலாம், தப்பானதை அழிக்கலாம் என்று படகில் யாரோ சொல்லியிருந்தார்கள். காமிராக் கடைக்குப் போனாள். கடைப்பெண் இங்வில், என்ன படம் எடுக்கப்போகிறீர்கள் என்றுதான் முதலில் கேட்டாள். எங்கள் ஊரில் வீட்டுக் கவலையைக் கடையில் சொல்வதைவிட மழையில் கோட்டு இல்லாமல் நிற்பது மேல். குன்வோர், மலை என்று சொல்லிவைத்தாள். இங்வில் மூன்று காமிராக்களைக் கையில் பிடித்துப் பார்க்கச் சொன்னாள். விரலுக்கு வாகாக இருந்த ஒன்றில், மலைக்குத் தோதாக அகன்ற கோண லென்ஸை மாட்டிக் கொடுத்தாள்.

சோஃபாவில் தூங்கிய ஓட்லீவை ரகசியமாக எடுத்துப் பார்த்தாள். மூக்கு உருளைக்கிழங்காக முன்னே வந்து நின்றது, காதுகள் எங்கோ ஓடிவிட்டன. எத்தனை முறை அழித்து எடுத்தாலும் அதே மூக்கு.

மறுநாள் காமிராவைக் கொண்டுபோய்க் கடை மேசையில் வைத்தாள்.

"மலை இல்ல. என் வீட்டுக்காரர் முகம். ஜூன்ல நெஞ்சைத் திறக்கப்போறாங்க."

இங்வில் முகத்தை இழுத்துக் காட்டும் அந்த லென்ஸைக் கழற்றிவிட்டு, முகத்துக்கு ஏற்ற சின்ன லென்ஸ் ஒன்றை மாட்டினாள். தன்னையே எடுத்துப் பழகச் சொல்லி எதிரே நின்றாள்.

"கண்ணுல ஃபோகஸ் வைங்க, போதும். முதல்லயே சொல்லியிருக்கலாம்ல, குன்வோர்?"

"சொல்லியிருந்தா அழுதிருப்பேன்."

"அழுங்களேன். டிஷ்யூவுக்கு நாங்க காசு வாங்குறதில்ல."

அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும் என்று குன்வோர் இன்றைக்கும் சொல்வாள்.

மே பதினேழு, தேசிய நாள். வெள்ளிப் பொத்தான் வைத்த விழா உடையில் ஓட்லீவ் தோட்டத்தில் நின்றான். நின்றவன் சும்மா இருந்தானா? வெளிச்சம் சரியில்லை, தள்ளி நில், குனி என்று நச்சரித்தான். வாயை மூடச் சொன்னாள். மூடிக்கொண்டு அவளைப் பார்த்தான். அப்போது எடுத்தாள். கண்ணிமை மயிர்கூடத் தெளிவாக விழுந்தது.

ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட காலையில் அவன் கேட்டான்:

"என் பெட்டி பக்கத்துல வைக்கத்தானே அதை எடுத்தே?"

"ஆமா."

"நல்லாத்தான் வந்திருக்கு. தொப்பைதான் தெரியுது. நான் வந்ததும் வேற எடு."

வந்தான். மழிக்காத தாடியோடு, ஆஸ்பத்திரிக் கதவைப் பிடித்துக்கொண்டு, சொந்தக் காலில் வந்தான். குன்வோர் காமிராவைத் தூக்கினாள். கண்ணில் ஃபோகஸ் வைக்க மறந்ததில் கதவும் தாடியும் சிரிப்பும் ஒன்றாகக் கலங்கிப்போயின. அழிக்க மனம் வரவில்லை.

அந்தக் கலங்கல் படம்தான் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. நல்ல படம் அலமாரிக்குள் கிடக்கிறது. அதற்கு இன்னும் வேலை வரவில்லை.