ஒரே பெட்டியில் இரண்டு சீட்டு

என் வகுப்பில் ஒரு கை உயர வேண்டும். ஆண்டவரிடம் நான் கேட்டது அவ்வளவுதான்.

எங்கள் அந்தோணியார் கோயிலில் செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்தில் சாட்சி சொல்ல வருகிறவர்கள் ஆஸ்பத்திரியிலிருந்தும் விபத்திலிருந்தும் தப்பி வந்தவர்கள். அவர்கள் நடுவே நின்று, "எட்டாம் வகுப்பு பி பிரிவில் ஒரு பிள்ளைகூட எனக்குப் பதில் சொல்லவில்லை" என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பங்குத் தந்தைதான், "சின்ன விஷயமா இருந்தா என்ன சார், சும்மா எழுதுங்க, சுருக்கமா எழுதுங்க" என்றார். முதல் பாதியை மட்டும் கடைப்பிடிக்கிறேன்.

எனக்கு நாற்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தினேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, நினைவஞ்சலி, திருவிழா நோட்டீஸ். முன்பின் தெரியாத எத்தனையோ பேரின் பெயர்கள் என் சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் ஊருக்குள் போயின. ஒரு மாப்பிள்ளையின் பெயரைக்கூட நான் தப்பாக விட்டதில்லை. என் பி.எட். சான்றிதழ் மட்டும் பீரோவில், மனைவி ஸ்டெல்லாவின் கல்யாணப் புடவைக்கு அடியில், வேலையில்லாமல் கிடந்தது.

அச்சகத்துக்கு எதிரே ஒரு பள்ளிக்கூடம். ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறக்கிற நாளில் நான் ஜன்னலோரம் நின்றுவிடுவேன். புதுச் சீருடை, புதுப் பை, அழுகிற ஒன்றாம் வகுப்பு. அந்த வாசலுக்குள் நிதானமாக நடந்து போகிற ஆசிரியர்களைப் பார்ப்பேன். அவர்கள் சலித்துக்கொண்டேதான் போனார்கள். அந்தச் சலிப்புகூட எனக்கு வேண்டியிருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதை இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அது தானாகவே சேர்ந்துகொள்கிறது.

போன ஜூனில் ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியர் இடம் கிடைத்தது. எட்டு பி-க்கு வகுப்பாசிரியரும் நான்தான். பிள்ளைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு "சார், இன்னும் ஒரு கதை சார்" என்று கெஞ்சும் காட்சியை இருபத்திரண்டு வருஷமாக ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். பிள்ளைகள் அந்த ஒத்திகைக்கு வந்திருக்கவில்லை. முதல் நாள் நாற்பத்திரண்டு பேரும் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தார்கள். என்னை மின்விசிறியைப் பார்ப்பதுபோல் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்கள்.

எனக்கு இருக்கும் ஒரே ஆயுதம் வாய். அதை எடுத்தேன்.

முதல் பீரியடிலேயே தலை சாய்த்துத் தூங்கிய ஒரு பையனை "அனந்தசயனம்" என்று எழுப்பினேன். பெருமாள் படுத்திருக்கிற ஊரில் அந்த நகைச்சுவை எடுபடாமல் போகுமா? வகுப்பு குலுங்கிச் சிரித்தது. அடிக்கடி வெளியே போக அனுமதி கேட்டவன் "அவசர சிகிச்சை" ஆனான். தினமும் இருபது நிமிஷம் தாமதமாக வந்து வாசலில் நின்ற ஒரு பெண்ணுக்கு "பாசஞ்சர்" என்று பெயர் வைத்தேன். மறுநாளிலிருந்து அவள் தலை தெரிந்ததுமே கடைசி பெஞ்சு ரயில் மாதிரி கூவியது. எனக்கு மகா சந்தோஷம். இப்படி ஒரு வாரத்தில் பதினொரு பேருக்குப் பெயர் சூட்டு விழா நடத்தினேன். வருகைப் பதிவைக்கூட எண் சொல்லித்தான் எடுத்தேன். நேரம் மிச்சம்.

"பிள்ளைங்க மனசைப் பிடிச்சிட்டேன் ஸ்டெல்லா. சிரிச்சு உருளுறாங்க."

ஸ்டெல்லா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். "நீங்க சொன்னதுக்குச் சிரிச்சாங்களா, அந்தப் பொண்ணைப் பாத்துச் சிரிச்சாங்களா?"

நகைச்சுவையின் நுட்பம் எல்லாருக்கும் புரிந்துவிடாது என்று நினைத்துக்கொண்டு பேப்பரை விரித்தேன்.

இரண்டாம் மாதம் அந்தச் சிரிப்பு என் கையை விட்டுப் போய்விட்டது. நான் நிறுத்தச் சொன்னாலும் நிற்கவில்லை. ஒரு பிள்ளை படிக்க எழுந்தால் ஒரு கூவல். தப்பாக ஒரு சொல் வந்துவிட்டால் அன்று முழுக்க அந்தச் சொல்லே அதற்குப் பெயர். சிரிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான், நன்றாகவே கற்றுக்கொண்டார்கள். பிறகு யாருமே எழுந்திருக்கவில்லை. கேள்வி கேட்டால் நாற்பத்திரண்டு தலையும் மேஜையைப் பார்த்துக் குனிந்துவிடும். கேள்வியும் நானே, பதிலும் நானே. எனக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: மெகா சீரியல். நான் வைத்த பதினொன்றையும்விட நல்ல பெயர். அதனால்தான் அதிகம் வலித்தது.

தலைமையாசிரியை கூப்பிட்டார். "சார், உங்க வகுப்புச் சத்தம் கொள்ளிடம் வரைக்கும் கேக்குது. பாடத்துல கேள்வி கேட்டா மட்டும் மயான அமைதியாமே? தீபாவளி வரைக்கும் பாக்குறேன். சரியா வரலைன்னா எட்டு பி-யை வேற ஒருத்தர்கிட்ட கொடுத்துடுறேன். நீங்க லைப்ரரியைப் பாத்துக்குங்க. உங்களுக்குப் புஸ்தகம்னா பிடிக்குமே."

பிடிக்கும்தான். ஆனால் தாள்களை விட்டுவிட்டு இப்போதுதான் மனிதர்களிடம் வந்திருந்தேன். மறுபடியும் தாள்களிடமா?

அந்த வாரம்தான் நான் பாசஞ்சர் என்று பெயர் வைத்த பெண் வராமல் போனாள். இரண்டு நாள் எனக்கு அது உறைக்கவேயில்லை. பதிவேட்டில் ஒரு எண்ணுக்கு நேரே ஆப்சென்ட் போட்டேன். அந்த எண் யார் என்று பார்க்கவில்லை. மூன்றாம் நாள், அவளுக்காகத் தயாராக வைத்திருந்த ஒரு ஜோக் வீணாகப் போனபோதுதான் உறைத்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் சாட்சி என்றால் இதையும் சேர்த்துத்தான்.

அன்று மாலை டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி காவிரிப் பாலத்தைக் கடந்தேன். கரை முட்டத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. மீசை நரைத்தவன் பஸ்ஸில் அழுதால் பக்கத்தில் இருப்பவர் இடம் கொடுத்துவிடுவார், அதனால் அடக்கிக்கொண்டேன். "ஆண்டவரே, ஒரு கை. ஒரே ஒரு பிள்ளை கையைத் தூக்கட்டும். பதில் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை" என்று வேண்டினேன்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை. பாலக்கரைப் பக்கம் எங்கள் வீட்டருகே இருக்கும் அந்தோணியார் கோயிலுக்குப் போனேன். செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் பாதிப் பேர் நெற்றியில் திருநீறோ நாமமோ இருக்கும். கஷ்டத்துக்கு மதம் தெரியாது. அங்கே ஒரு வழக்கம் உண்டு. வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவோம். நவநாளில், பங்குத் தந்தைக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் அதை ஒவ்வொன்றாகப் படிப்பார். ஒவ்வொன்றுக்கும் கோயிலே சேர்ந்து, "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று சொல்லும். சீட்டில் பெயர் போட வேண்டியதில்லை.

நான் மூன்று முறை அடித்துத் திருத்தி எழுதினேன். "எட்டாம் வகுப்பு பி பிரிவு மாணவர்களுக்கு நல்ல புத்தியும், அவர்களிடம் மாட்டிக்கொண்ட ஆசிரியருக்கு இரும்பு இதயமும் கிடைக்க." உபதேசியார் படித்தபோது நாலைந்து பேர் சிரித்தார்கள். ஜெபத்துக்கு நடுவிலும் அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது. பாருங்கள், என் நோய் எவ்வளவு முற்றியிருந்தது என்று.

பிறகு ஒரு சிங்கப்பூர் விசா. காணாமல் போன ஒரு தங்கச் சங்கிலி. அதற்குப் பிறகு உபதேசியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்தார்.

"எங்க ஸ்கூலுக்கு வந்திருக்கிற புது தமிழ் சார் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடணும். அப்பதான் நான் மறுபடி ஸ்கூலுக்குப் போவேன். லேட்டா வர்றதுக்கு நான் காரணம் இல்ல. இப்படிக்கு, எட்டாம் வகுப்பு பி."

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கோயில்.

நானும் சொன்னேன். பழக்கத்தில் வாய் சொல்லிவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் அந்தச் சீட்டு காதுக்குள் இறங்கியது.

பக்கத்தில் நின்ற அம்மாள் உச்சுக்கொட்டினார். "யாரு பெத்த பிள்ளையோ. அந்த வாத்தியாரெல்லாம் ஒரு மனுஷனா?"

"ஆமாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

கூட்டத்தில் தேடினேன். மெழுகுவர்த்தி ஏற்றும் இடத்தில், வாசலில், செருப்புக் கும்பலின் பக்கம். அவள் இல்லை, அல்லது என்னைப் பார்த்துவிட்டு ஒளிந்திருப்பாள். கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். பெயர் வரவில்லை. பாசஞ்சர். பாசஞ்சர். அதற்கு முன்னால் அந்தப் பிள்ளைக்கு அம்மா அப்பா வைத்த பெயர் என்ன? ஊரார் பெயர்களையெல்லாம் ஒரு கால், ஒரு புள்ளி விடாமல் சரிபார்த்தவன் வாயைத் திறந்தபடி அந்தோணியார் முன்னால் நின்றேன். எத்தனை மன்றாட்டுகளை ஆண்டவர் தாமே பார்த்துக்கொள்கிறார்! இதை நிறைவேற்ற மட்டும் அவருக்கு என் வாய் தேவைப்பட்டது. அந்த வாய் அப்போது வெறுமையாக இருந்தது.

மறுநாள் வாட்ச்மேன் கேட்டைத் திறப்பதற்குள் போய் நின்றேன். பதிவேட்டைப் பிரித்தேன். எண் இருபத்தேழு. ரேவதி.

வீட்டு எண்ணுக்கு போன் செய்தேன். அவள் அம்மா எடுத்தார். பெரிய கடைவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவர். "காய்ச்சல் சார்" என்றார் அவசரமாக.

"சரிம்மா. ரேவதிகிட்ட கொஞ்சம் கொடுக்க முடியுங்களா?"

போன் கை மாறியது. மூச்சு மட்டும் கேட்டது.

"ரேவதி, நான் தமிழ் சார் பேசுறேன்."

"ம்."

"உன்னைத் தப்பாக் கூப்பிட்டேன். தப்பு என்னுது. ஸ்கூலுக்கு வர்றியா ரேவதி?"

"நாளைக்கு வரேன் சார்." பிறகு, ரொம்ப மெதுவாக, "ஆனா லேட்டாதான் வருவேன் சார். தம்பியை அங்கன்வாடியில விடணும். அது ஒன்பது மணிக்குத்தான் திறக்கும். அம்மா அதுக்கு முன்னாடியே வேலைக்குப் போயிடும்."

இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள எனக்கு இரண்டு மாதமும் ஒரு நவநாளும் தேவைப்பட்டிருக்கிறது.

அன்று மாலை பஸ்ஸில் ஒரு தாளை வைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு பெயர்களையும் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் குனிந்து பார்த்தார். "என்ன சார், ஜெபமாலையா?"

"ஆமாங்க. நாற்பத்திரண்டு மணி."

வியாழக்கிழமை காலையில் எண் சொல்லாமல் பெயர் சொல்லி வருகை எடுத்தேன். மூன்று பேரைத் தப்பாகச் சொன்னேன். பிறகு மேஜைக்கு முன்னால் வந்து நின்று சொன்னேன்: "உங்களுக்கெல்லாம் நான் பட்டப்பேர் வெச்சேன். அது தப்பு. மன்னிச்சிடுங்க. இனிமே யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டேன்."

அனந்தசயனம் கவலையாக எழுந்தான். "சார், எனக்கு அதே இருக்கட்டும் சார். பெருமாள் பேருதானே."

"வெளியில வெச்சுக்கோ. இங்க நீ ஹரிஷ்." பிறகு எல்லாருக்கும் ஒரு சட்டம் போட்டேன். "இந்த வகுப்புல ஒரே ஒரு ஆளைக் கிண்டல் பண்ணத்தான் அனுமதி. அது நான். யாரு வேணா என்னைக் கிண்டல் பண்ணலாம். வேற யாரையும் கூடாது."

கடைசி பெஞ்சிலிருந்து உடனே வந்தது: "மெகா சீரியல்!"

கரும்பலகையில் என் பெயருக்குக் கீழே அதைப் பெரிதாக எழுதிக் கோடு போட்டேன். அன்று சிரித்த சிரிப்பில் யாரும் அடிபடவில்லை. எனக்குக் கொஞ்சம் அடிபட்டது, தாங்கிக்கொண்டேன்.

ஒன்பது இருபதுக்கு ரேவதி வாசலில் வந்து நின்றாள். பழக்கத்தில் ஒருவன் கூவினான். நான் வாசலுக்கே போனேன். "வா ரேவதி. தம்பி அழாம இருந்தானா?" அவள் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். இதற்கு அடுத்து ஒரு ஜோக் வருமா என்று காத்திருந்த பார்வை அது. வரவில்லை. போய் உட்கார்ந்தாள்.

உடனே எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் பொய் சாட்சி ஆகிவிடும். கூவல் அடங்க மூன்று வாரம் ஆயிற்று. எனக்கும் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப்போன வார்த்தைகள் எத்தனையோ. ஒருமுறை நிஜமாகவே நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஸ்டெல்லாதான் உப்புத் தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தாள். "இப்பவாவது அதுக்கு ஒரு ஓய்வு" என்றாள்.

அக்டோபரில் ஒரு மழை நாள். கேள்வி கேட்டேன். வழக்கம்போல் அமைதி. பதிலை நானே எழுதக் கரும்பலகைப் பக்கம் திரும்பினேன். "சார்" என்று ஒரு குரல். திரும்பினால், ஒரு கை! ஹரிஷின் கை.

"சார், மணி அடிச்சு அஞ்சு நிமிஷம் ஆச்சு."

அதற்கும் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். கை என்றுதான் கேட்டிருந்தேன். எதற்கு என்று நான் சொல்லவில்லையே.

அந்த வாரமே வெள்ளிக்கிழமை, பாடத்தில் ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டேன். நடு வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. தோள் உயரம் வரை வந்து, தயங்கி, பிறகு முழுதாக மேலே போனது. ரேவதி. எழுந்து நின்று பதில் சொன்னாள். சுத்தமாகத் தப்பான பதில்.

யாரும் சிரிக்கவில்லை. வெளியே மழை பெய்கிற சத்தம் மட்டும் கேட்டது. நாற்பத்தொரு பிள்ளைகள் சிரிக்காமல் இருந்த அந்த நிமிஷம்தான் நான் கண்ட அற்புதம். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்று பாலத்தின் மேல் நான் கேட்டதை, ஆண்டவர் அப்படியே கொடுத்திருந்தார். "கிட்ட வந்துட்ட ரேவதி, உக்காரு. வேற யாரு?" என்றேன். இன்னொரு கை எழுந்தது.

தீபாவளி போயிற்று. எட்டு பி என்னிடமே இருக்கிறது. சத்தம் இன்னும் கொள்ளிடம் வரை கேட்கிறது என்கிறார் தலைமையாசிரியை. ஆனால் லைப்ரரிப் பேச்சை இப்போது அவர் எடுப்பதில்லை.

இந்தக் கோயிலில் வேண்டுதல் நிறைவேறியவர்கள் நன்றிச் சீட்டும் எழுதிப் போடுவார்கள். அதையும் உபதேசியார் படிப்பார். விசா வந்துவிட்டது, நன்றி. சங்கிலி அரிசி டின்னுக்குப் பின்னால் கிடைத்தது, நன்றி. என் சீட்டை அப்போதே போட்டுவிட்டேன். இம்முறை ஒரே வரியில், அலங்காரம் இல்லாமல். ஆனால் ஒவ்வொரு செவ்வாயும் வேறொரு நன்றிச் சீட்டுக்காக நான் காத்திருக்கிறேன். அது இன்னும் வரவில்லை. வராதது நியாயம்தான். தன் பெயரைச் சொல்லித் தன்னைக் கூப்பிட்டதற்கு ஒரு குழந்தை எதற்காக நன்றி சொல்ல வேண்டும்? அதை வேண்டுதலாக எழுத வைத்ததே பெரிய பாவம். இதெல்லாம் எனக்குத் தெரிகிறது. ஆனாலும் காது அந்தப் பக்கமே போகிறது.

சகோதர சகோதரிகளே, உங்கள் குறை எவ்வளவு சின்னதாக இருந்தாலும் எழுதிப் போடுங்கள். அவர் எதையும் தள்ளிவிடுவதில்லை. ஒன்றை மட்டும் என்னிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். அடுத்தவர் சீட்டுக்குக் "கேட்டருளும்" என்று சொல்வதற்கு முன்னால், அதை நிறைவேற்ற வேண்டிய ஆள் நாம்தானா என்று ஒரு நொடி யோசித்துப் பாருங்கள். யாராவது நம் பெயரைப் போடாமல் நம்மைப் பற்றி எழுதியிருக்கலாம்.

நான் இப்போதும் அதே தூணோரம்தான் நிற்கிறேன். உபதேசியார் ஒவ்வொரு சீட்டாகப் பிரிக்கும்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், "எட்டாம் வகுப்பு பி" என்று எங்காவது வருமா என்று.